அம்மா துவைத்த படகு

சோற்றுப் பானையிலிருந்து கஞ்சி வடிக்கும்போது எழும் ஆவியோடு, பல காலம் மூடிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாடையையும் கொஞ்சம் சேர்த்தால் எப்படியிருக்குமோ, அப்படியொரு மணம் அந்தத் துணிக்கு இருந்தது. வெளுத்த நீல நிறம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, மறுபக்கம் லேசான சொரசொரப்பு. விரித்தால் மொடமொடவென்று சத்தம் போடும். அதன்மேல் கறுப்பு மையில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. அவை அந்தக் காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலோரக் காயலைக் கடந்த நீராவிப் படகு ஒன்றுக்காக யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து வரைந்த வரைபடங்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஆனால் என் சின்ன வயதில், கண்மாயைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்தறியாத போடிநாயக்கனூரில், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘மெழுகுத்துணி’தான்.

அப்பாவுக்கு, மலையுச்சியான மெட்டைத் தாண்டி இறங்கும் சரிவில் சின்னதாய் ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. ஒருமுறை ஏலக்காய் ‘லோடு’ ஒன்றுக்குத் துணையாகக் கொச்சி வரைக்கும் போனவர், அங்கே பழைய சாமான் கடையில் இந்தத் துணிகளைப் பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்து மெழுகுத்துணி, எவ்வளவு பெரிய மழைக்கும் அசையாது என்று கடைக்காரர் சொல்ல, மலையில் பாதி வருஷம் நனைந்துகொண்டே வாழ்கிற அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. பாய் அகலத்தில் மூன்று துணிகள், ஒன்றாகச் சுருட்டியவை. அந்த வாரமே ஏலக்காய் மூட்டையைச் சுற்றி அதில் ஒன்றைக் கட்டி, ஜீப்பின் தலையில் ஏற்றிக்கொண்டு மெட்டிலிருந்து இறங்கினார். வழியெல்லாம் நல்ல மழை. வீட்டு வாசலில் மூட்டையை இறக்கியபோது துணி கொழகொழவென்று சாக்கோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே காய் ஊறிப் போயிருந்தது.

அம்மா துணியின் ஒரு முனையை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். “ஏங்க, இது மெழுகு இல்ல, கஞ்சி. நல்லாக் கஞ்சி போட்டு வச்ச துணிங்க. கோவணத்துக்கு ஆகுறதை உங்ககிட்ட மழைக்குன்னு வித்துருக்கான்” என்றாள். அப்பா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாள் அம்மா அந்தத் துணியைத் துவைக்கிற கல்லின்மேல் விரித்துப் போட்டு, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு வெந்நீரில் அமுக்கினாள். கஞ்சி கரையக் கரைய, கோடுகளும் கரைந்து தண்ணீர் சாம்பல் நிறமாகியது. அடித்து அலசிக் காயப்போட்டபோது பூப்போல ஒரு வெள்ளைத் துணி கொடியில் ஆடியது. அதில் எனக்கு ஒரு பாவாடையும், மிச்சத்தில் ஒரு தலையணை உறையும் தைத்தாள்.

அந்தப் பாவாடையைப் போல இன்னொரு துணி என் உடம்பில் பட்டதில்லை. எவ்வளவு துவைத்தும் கோடுகள் முழுக்கப் போகவில்லை. வெயிலில் பிடித்தால் மங்கலாகத் தெரியும். ஓரிடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, அடி மடிப்புக்குச் சற்று மேலே நெளிநெளியாய்ச் சில வளைவுகள். சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே அசந்து கிடக்கும் பொழுதுகளில் அந்த வளைவுகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன என்று தெரியாத ஒன்றை உடுத்தியிருக்கிறோம் என்பதே கிறக்கமாக இருந்தது. மற்ற இரண்டு துணிகளையும் அம்மா சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

அடுத்த காய் எடுப்பில்தான் அப்பா விழுந்தார். விழுந்தார் என்றால் கால் தவறி அல்ல. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் வைத்துப் பக்குவமாக உலர்த்த வேண்டும். அந்தச் சூட்டறையை மலையில் ‘ஸ்டோர்’ என்பார்கள். வெளியே அடுப்பு, உள்ளே சூட்டைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் சல்லடைத் தட்டுகள், கூரைக்கு மேலே புகைபோக்கி. எங்களுக்கென்று ஸ்டோர் கிடையாது. அடுத்த தோட்டக்காரரின் ஸ்டோரில்தான் உலர்த்துவோம். எங்கள் முறை எப்போதும் கடைசியில் வரும். அந்த முறை தீ அளவில்லாமல் எரிந்து, எங்கள் காய் முழுவதும் பச்சை நிறம் போய் வெடித்துவிட்டது. போடியில் காய் வாங்குகிறவர் ஒரு பிடியை உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாராம். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அப்பா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அப்புறம் திரும்பவேயில்லை. மலைக்குப் போகவில்லை, கடைப்பக்கம் போகவில்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய், அதோடு சரி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிய மனிதர், நான் போய்த் தொட்டால்கூட, “சோலியைப் பாரு ஆத்தா” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சுவரை நான் வெறுத்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் கொல்லையில் புதுச் செங்கல் அடுக்கியிருந்தது. தகரம் அடைத்த புகைக்காட்டில் வருஷக்கணக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்த அம்மாவுக்குப் புது அடுப்படி கட்டுவதற்காக இறக்கிய செங்கல். தினமும் காலையில் அதன்மேல் விழுந்த சருகைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டப் போவாள்.

ஒருநாள் மிளகாய் காயப்போட விரிப்பில்லாமல், பரணிலிருந்த துணிகளை எடுத்து அம்மா முற்றத்தில் விரித்தாள். ஈரம் பட்டால்தானே கெடும், காய்ந்த மிளகாய்க்கு என்ன என்று நினைத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த இங்கிலீஷ் எழுத்துகளை அதில் தேடிக்கொண்டிருந்தேன். வட்டமாக ஒரு படம், அதற்குள் குட்டி எழுத்துகள். ஒவ்வொன்றாய்க் கூட்டி, “பாய்லர்” என்று சத்தமாக வாசித்தேன். டீக்கடை பாய்லரைத் தவிர வேறு பாய்லர் எனக்குத் தெரியாது.

கட்டில் கிரீச்சிட்டது. அப்பா திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். பிறகு முற்றத்துக்கு வந்து துணியின்மேல் குந்தினார்.

“ஏ புள்ள, மிளகாயை அள்ளு. வெரசா அள்ளு” என்றார். நான் அள்ள அள்ள, துணியின்மேல் விரலை ஓட்டினார். “இது என்னான்னு தெரியுதா? ஸ்டோரு! வெள்ளைக்காரன் எஸ்டேட்டு ஸ்டோரு. இந்தா அடுப்பு, இந்தா மேல போற புகைக்கூண்டு. ரெண்டு பக்கமும் தட்டு அடுக்குற வரிசை, நடுவுல ஆளு நடக்க எடம். எல்லாம் அளந்து வச்சிருக்கான் பாரு.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தபடி வரைந்த படகின் தளம் அது. பயணிகள் உட்காரும் பலகைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. ஸ்டோருக்குள் நுழைந்து வாழ்ந்த எவருக்கும் அவை சல்லடைத் தட்டுகளாகத்தான் தெரியும். இன்னொரு துணியில் படகைக் குறுக்கே அறுத்துக் காட்டியிருந்தது. நடுவில் பாய்லர், மேலே புகைக்கூண்டு, கீழே தொட்டில் போல வளைந்த அடிப்பகுதி. சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏற வேண்டுமென்று தரையை வளைவாய்த் தோண்டச் சொல்லியிருக்கிறான் என்று அப்பா விளக்கினார்.

அம்மா கையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். அப்பா அன்று உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாம் தடவை அம்மா சட்டியைக் கவிழ்த்து ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள்.

ராசிங்காபுரத்திலிருந்து கொத்தனார் வந்தார். பெருமாள் என்று பெயர், நிதானமான மனிதர். துணியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரிண்ணே. ரெண்டு கடைசியும் எதுக்குக் கூரா இருக்கு? செவருன்னா மூலை இருக்கணும்ல?” என்று கேட்டார்.

அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார். “மெட்டுக் காத்து உனக்குத் தெரியாதா? சதுரமாக் கட்டுனா மோதித் தகரத்தைப் பிடுங்கிட்டுப் போயிரும். கூரா இருந்தா ரெண்டாப் பிரிஞ்சு போயிரும்ல. எம்புட்டு யோசிச்சிருக்கான்!”

“அடேயப்பா, காத்துக்கு மூக்கு வச்சுல்ல கட்டிருக்கான்” என்று பெருமாள் வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து அந்தக் கூர்முனைக்கு எங்கள் வீட்டில் ‘மூக்கு’ என்றே பெயர்.

தோட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்லை வைத்து மூக்குக் கட்ட முடியாது, கூர் வராது, செங்கல் வேண்டும் என்றார் பெருமாள். அப்பா கொல்லைக்குப் போய் அந்த அடுக்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. கேட்கவும் அவருக்கு வாய் வராது. அம்மாதான் பின்னாலேயே போய், “என்ன, எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க? ஜீப்புல ஏத்துங்க” என்றாள்.

“உன் அடுப்படி?”

“எனக்கும் பொகைக்கும் பழகிப்போச்சு. ஏத்துங்க.”

ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றாள். உள்ளே வந்து, செங்கல் இருந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டினாள். அன்று அவள் என்னிடம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள்.

படத்திலிருந்த அளவுக்கெல்லாம் கட்ட எங்களிடம் இடமும் இல்லை, சாமானும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த தார் டிரம்தான் பாய்லர் என்று வைத்துக்கொண்டு, படத்தில் பாய்லர் எத்தனை விரற்கடை, சுவர் எத்தனை விரற்கடை என்று சணல் கயிற்றால் அளந்து, அந்தக் கணக்குக்கே எல்லாவற்றையும் சுருக்கினார் அப்பா. இரண்டு பக்கமும் மூக்கு வைத்து, தரையை வளைவாய்த் தோண்டி, நடுவில் புகைக்கூண்டை நிறுத்தி, சரிவின் விளிம்பில் எங்கள் ஸ்டோர் எழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் புதுமாதிரி என்றார்கள்.

முதல் தீ போட்ட மறுநாள் காலையில் அம்மாவும் நானும் ஜீப்பில் மேலே போனோம். அப்பா இன்னும் கதவைத் திறக்கவில்லை. கண் சிவந்து, தலையெல்லாம் சாம்பலாக வெளியே நின்றுகொண்டிருந்தார். இந்தக் காயும் போனால் அவர் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்பது எனக்கே தெரிந்திருந்தது. “நீ தெற” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அம்மா திறந்தாள். உள்ளிருந்து வந்த சூட்டையும் மணத்தையும் எப்படிச் சொல்வேன்! கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அம்மா உள்ளே போய், தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, இரண்டு கையாலும் கசக்கி ஊதி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பச்சை. தளிர் போல அவ்வளவு பச்சை. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் காஞ்சிருக்கு” என்றாள். அப்பா பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த காலம் என் நினைவில் விழிப்பும் தூக்கமும் கலந்ததாக இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஸ்டோரின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன். செங்கல் வெதுவெதுப்பாக இருக்கும். எங்களுக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளை மூட்டம் மெதுவாக ஏறி வரும். முதலில் மரங்கள் போகும், பிறகு பாதை போகும், பிறகு தோட்டம் போகும், கடைசியில் எங்கள் ஸ்டோர் மட்டும் புகை விட்டுக்கொண்டு அந்த வெள்ளைக்கு நடுவில் நிற்கும். மூட்டம் மூக்கில் வந்து மோதி இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்போது, நகர்வது மூட்டமா நாங்களா என்று தெரியாமல் தலை சுற்றும். நாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்வேன். “போனாப் போகட்டும், விழுந்துராம உக்காரு” என்பாள்.

மூன்றாவது எடுப்பின்போது கோட்டயத்துப் பக்கத்திலிருந்து வந்து மலையில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர், உறவினர் கல்யாணத்துக்கு நல்ல காய் கேட்டு வந்தார். ‘மாஷ்’ என்று எல்லாரும் அழைப்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேலே பாதை வளைகிற இடத்தில் நின்றால், ஸ்டோரை உச்சியிலிருந்து முழுதாகப் பார்க்கலாம், துணியில் வரைந்திருந்தது போலவே. அங்கே நின்று பார்த்தவர் இறங்கி வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சேட்டா, இது போட்டாணல்லோ! மலைமேலே போட்டு!”

மலையாளத்தில் ‘போட்டு’ என்றால் படகு. அப்பாவுக்குப் புரியவில்லை. துணிகளைக் கொண்டுவந்து காட்டினார். மாஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு, துணிகளின்மேல் குனிந்து, மெதுவாக ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஆட்கள் உட்காரும் பலகை, அடுப்புக்குக் கட்டை போடுகிறவர் நிற்கும் இடம், தண்ணீரைக் கிழிக்கும் முனை, கயிறு கட்டும் முளை. டீசல் வருவதற்கு முன்னால் காயலில் ஓடிய நீராவிப் படகாம். அவருடைய பாட்டனார் இப்படிப்பட்ட ஒன்றில்தான் பள்ளிக்கூடம் போனாராம். அவர் கேலியாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் காய் பறிக்கிறவர்கள், ஜீப் டிரைவர் எல்லாரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செய்தி ஜீப்பிலேயே இறங்கிப் போடிக்கு வந்துவிட்டது. “கப்பக்காரரே, கொழும்புக்கு எப்பப் பொறப்புடுது?”, “என்ன மாப்ளே, நங்கூரம் போட்டாச்சா?” என்று டீக்கடையில் ஆளுக்கொன்று கேட்டார்கள். காய் நன்றாகத்தான் உலர்ந்துகொண்டிருந்தது, அதை யாரும் பேசவில்லை. நாலாம் நாள் அப்பா கடைக்குப் போகவில்லை. “இடிச்சுத் தள்ளிட்டுச் சதுரமாக் கட்டப்போறேன்” என்றார். துணிகளைச் சுருட்டி அம்மாவின் முன்னால் போட்டு, அடுப்பில் வைக்கச் சொன்னார். பிறகு போய், கட்டிலில் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அம்மா துணிகளைத் தொடவில்லை. உள்ளே போய்ப் பழைய தலையணை உறையை எடுத்துவந்து அவர்மேல் விசிறி எறிந்தாள்.

“இதுல என்ன வரைஞ்சிருந்துச்சு தெரியுமா உங்களுக்கு? கீழ தண்ணி. கோடு கோடா அலை. மேல பொகைக்கூண்டு, வரிசையா சன்னல், பின்னால ஒரு கொடி. சின்னப் புள்ளையில எங்கய்யா கூட ராமேசுரம் போயிப் படகைப் பாத்தவ நான். துவைக்கப் போடுறப்பவே எனக்குத் தெரியும்.”

அப்பா திரும்பினார். “தெரிஞ்சுமா செங்கல்லைக் குடுத்த?”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

அம்மா அழுதுகொண்டே கத்தினாள். “அன்னிக்கு நீங்க எந்திரிச்சு உக்காந்தீங்க. ரசத்தை ரெண்டு தடவை கேட்டுக் குடிச்சீங்க. இது ஸ்டோரு இல்லைங்க, படகுங்கன்னு சொல்லி உங்களைத் திரும்பப் படுக்க வைக்கச் சொல்றீங்களா? செங்கல்லு போனா வாங்கிக்கலாம். தண்ணில முங்காம மனுசங்களைக் கொண்டுபோற சாமான், நம்ம காயைக் காப்பாத்தாதான்னு நெனச்சேன். காப்பாத்துச்சுல்ல? அப்புறம் என்ன?”

அப்பா எழுந்து உட்கார்ந்து, உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை டீக்கடைக்குப் போய், யாரோ கொழும்பை எடுத்ததும், “இந்த எடுப்பு முடியட்டும், ஒங்களையும் ஏத்திக்கிறேன்” என்றாராம். அதோடு கேலி ஓய்ந்தது. பிறகு ‘கப்பல் ஸ்டோர் காய்’ என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு அது நல்ல பெயராகவே ஆகிவிட்டது. அதே பெருமாள் அம்மாவுக்கு அடுப்படியும் கட்டினார். “எனக்கும் ஒரு மூக்கு வைங்க” என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், அதன் கொல்லைப்புறச் சுவர் கூராக முடிகிறது. அந்த மூலையில்தான் விறகு அடுக்குவாள்.

எனக்கு வேலை கிடைத்த பிறகு இருவரையும் எர்ணாகுளம் கூட்டிப் போய்ப் படகில் ஏற்றினேன். அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தாள். அப்பா எஞ்சின் பக்கம் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தார். திரும்பி வந்து என் காதில், “எடத்தை வீணாக்கிருக்கான். இன்னும் நாலு தட்டுத் தாராளமா வைக்கலாம்” என்றார்.

இப்போது காயை இயந்திரங்கள் உலர்த்துகின்றன. பொத்தானை அழுத்தினால் போதும், தீயைப் பார்த்து யாரும் உட்கார வேண்டியதில்லை, அது நல்லதுதான். தோட்டம் கைமாறிவிட்டது. மூட்டம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகச் சரிவின் விளிம்பில் புது அறைகள் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் சதுரமாக. ஸ்டோர் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. என் பாவாடை எப்போது கந்தலாகி எந்த அடுப்படிக்குக் கரித்துணியாகப் போனதோ, தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார்.

அவர் போன பிறகு அம்மா கட்டிலில் படுத்தாள், அதே சுவரைப் பார்த்து. இரண்டு வாய், அதோடு சரி. கெஞ்சினேன், வைதேன், பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினேன். எதற்கும் திரும்பவில்லை. ஒருநாள் மதியம், வேறெதுவும் தோன்றாமல், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த இரண்டு துணிகளையும் எடுத்து அவள் கட்டிலுக்குக் கீழே விரித்தேன். மொடமொடவென்று அதே சத்தம். அறை முழுக்கக் கஞ்சி மணம்.

கட்டில் கிரீச்சிட்டது. அம்மா மெல்லத் திரும்பிக் குனிந்து பார்த்தாள். மெலிந்த விரலை நீட்டிப் படகின் முனையைத் தொட்டாள்.

“இந்த மூக்கு முழுக்க என் அடுப்படிச் செங்கல்லு” என்றாள். பிறகு, “ரசம் இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. சூடு பண்ணி எடுத்துவந்தேன். குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினாள்.